மூன்று விரல் சாய்வு

பேட்டன்ட் என்பது கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் பரிசு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். சென்னையில் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட் அலுவலகத்தில் சில வருடங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். அங்கே தினமும் நடந்தது பேரம். உனக்குத் தெரிந்ததை, அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் படித்தே செய்துவிடுகிற அளவுக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடு; விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடத்துக்கு உன்னைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாதபடி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்; அப்புறம் அது எல்லோருக்கும் பொது. கிண்டி பேட்டன்ட் அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அடியில் இருந்தது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். இதில் நியாயம் இருக்கிறது என்று அப்போது நம்பினேன், இப்போதும் ஓரளவு நம்புகிறேன். ஆனால் நீலகிரியில் என் ஊருக்குத் திரும்பி, கேத்தி பாலாடா பக்கம் ஒரு கேரட் கழுவும் மெஷினைப் பார்த்ததிலிருந்து அந்த ஓரளவு எவ்வளவு என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

கேரட் மெஷினை நீலகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். மண்ணிலிருந்து பிடுங்கிய கேரட்டை அப்படியே மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினால் விலை கிடைக்காது, கழுவித்தான் அனுப்ப வேண்டும். அப்பா காலத்தில் சாக்கில் கட்டி ஓடையில் போட்டுக் காலால் மிதித்தார்கள். டிசம்பர் மாதத்து ஓடைத் தண்ணீரில் முழங்கால் வரை நின்று மிதித்தவர்களின் கால் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த வேலையைப் படுக்கை வாக்கில் சுற்றும் ஒரு பெரிய டிரம் செய்கிறது. இடைவெளி விட்டு அடித்த பட்டைகள், பக்கத்தில் ஒரு மோட்டார், மேலே வரிசையாக ஓட்டை போட்ட தண்ணீர்க் குழாய். உள்ளே கொட்டும் கேரட் ஒன்றோடொன்று உரசிச் சுற்றி, மண் போய், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வெளியே வரும். அந்தச் சேற்றுத் தண்ணீர் ஓடையில் கலப்பது பற்றிய சண்டை தனிக் கதை, இங்கே வேண்டாம்.

நான் சொல்லும் மெஷின் ஒரு லேத் பட்டறையில் உருவானது. பட்டறைக்காரர் எனக்கு அண்ணன் முறை மாதிரி. சின்ன வயதில் என் சைக்கிளுக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்தவர். பழைய டிரம்களில் இரண்டு தொல்லைகள் இருந்தன. பட்டையில் மோதிக் கேரட்டின் நுனி ஒடியும். ஒடிந்தது தரம் பிரிக்கும்போது தனிக் குவியலுக்குப் போய்விடும். அப்புறம், கழுவி முடித்ததை ஆள் நின்று வாரி வெளியே தள்ள வேண்டும். அண்ணன் முதல் தொல்லைக்கு டீ ஃபேக்டரியிலிருந்து கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் பட்டைகளுக்கு மெத்தை வைத்தார். இரண்டாவதற்கு டிரம்மையே சாய்த்தார். எவ்வளவு சாய்ப்பது என்பதுதான் விஷயம். கால்களுக்கு அடியில் மரத் துண்டுகளைச் செருகி, எடுத்து, மறுபடி செருகி, மழைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறார். "மூணு விரல், தம்பி. நாலாயிருச்சுன்னா மண்ணோட வழுக்கி வந்துரும். ரெண்டுன்னா உள்ளேயே சுத்திச் சுத்தித் தோல் உரிஞ்சுரும்" என்று கையை மடக்கிக் காட்டினார். அந்தச் சாய்வில் கேரட் தானாக நடந்து வந்து வாய்ப்பக்கம் கூடையில் விழுகிறது. பக்கத்தில் ஆள் தேவையில்லை.

அடுத்த சீசனில் அதே சாய்வு, அதே பெல்ட் மெத்தை, முத்தோரை பாலாடாவில் வேறொருவரின் டிரம்மில் இருந்தது. போகிற வழியில் வண்டியை நிறுத்தி விரலை வைத்து அளந்தே பார்த்தேன், சரியாக மூன்று விரல். எனக்கு வந்த கோபம் அண்ணனுக்கு வரவில்லை. "முதல்லயே ஒரு பேட்டன்ட் போட்டிருக்கலாமேண்ணே" என்றேன். "போட்டா?" என்று கேட்டார். பழைய வேலைப் பழக்கத்தில் மளமளவென்று சொன்னேன். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 1,600 ரூபாய். பரிசீலிக்கச் சொல்லிக் கேட்க இன்னொரு 4,000. ஏஜென்ட்டை வைத்தால் அவருக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு. அரைகுறையாக இருக்கும்போதே தற்காலிக விண்ணப்பம் போட்டு வைத்தால் முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. கிடைத்த பிறகு உரிமை செத்துப்போகாமல் இருக்க வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம். இதில் ஒரு வில்லங்கம்: ஊரறிய விற்று ஓட்ட ஆரம்பித்த பிறகு விண்ணப்பித்தால் அது புதுசு இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆக, அண்ணன் முதல் டிரம்மை விற்ற அன்றைக்கே கதவு மூடிவிட்டது. மூடாமல் இருந்தாலும், ஏற்கனவே தெரிந்த பொருட்களை வெறுமனே சேர்த்தோ மாற்றி அடுக்கியோ வைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று 1970-ம் வருடச் சட்டத்தின் 3-வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. டிரம், பெல்ட், சாய்வு என்று அதிகாரி அதைத்தான் எடுத்து வீசியிருப்பார்.

அவர் லேத்தை நிறுத்தவில்லை. நான் பேசி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். டெலிவரிக்குத் தயாராக ஒரு புது டிரம் நின்றது. "உள்ளே எட்டிப் பாரு" என்றார். மேலே இருக்க வேண்டிய தண்ணீர்க் குழாயைக் காணோம். டிரம்மின் நட்டநடுவில், அச்சு வழியாகவே ஒரு குழாய் உள்ளே போய், அதன் ஓட்டைகள் வழியே தண்ணீர் நாலு பக்கமும் கேரட் மேலேயே அடிக்கிற மாதிரி இருந்தது. மேலிருந்து கொட்டினால் பாதித் தண்ணீர் பட்டையில் பட்டுத் தெறித்து வீணாகும். இதில் வீணாவது குறைவு. பிரமாதமாக இருந்தது, சொன்னேன். "நான் பண்ணலை. முத்தோரைக்காரன் பண்ணது. நீ விரல் வச்சுப் பார்த்துட்டு வந்தியே, அதே மெஷின். நானும் போய் உள்ள எட்டிப் பார்த்தேன்ல" என்று சிரித்தார்.

நடுக்குழாய்

அந்த வாசலில் நின்ற நேரத்தை நான் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே அண்ணன் கையில் ஒரு பேட்டன்ட் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முத்தோரைக்காரர் சாய்வு டிரம் செய்திருக்க முடியாது. செய்யாதவருக்கு அதில் தண்ணீர் எங்கே வீணாகிறது என்று தெரிந்திருக்காது. நடுக்குழாய் வந்திருக்காது, அல்லது வேறு யாராவது வேறு எப்போதாவது யோசித்திருப்பார்கள். பேட்டன்ட்டை ஆதரிப்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள்: முத்தோரைக்காரர் உரிமத் தொகை கொடுத்து அனுமதி வாங்கியிருக்கலாமே என்பார்கள். பாலாடாவில் இருக்கிற இரண்டு வெல்டிங் பட்டறைகள் உரிம ஒப்பந்தம் எழுதி, முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு, ஒரு டிரம்முக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்ப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்காக 1769-ல் பேட்டன்ட் வாங்கினார். 1775-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதை 1800 வரை நீட்டிக் கொடுத்தது. அந்த எஞ்சினை அதிகமாக வாங்கியவர்களில் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்களும் உண்டு. நிலக்கரி விலை அதிகமான ஊர், சுரங்கத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டிய ஊர். மிச்சமாகும் நிலக்கரியில் ஒரு பங்கை அவர்கள் வாட்டுக்குக் கட்டினார்கள். எஞ்சினை மேம்படுத்தப் பார்த்தவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. பேட்டன்ட் காலாவதியாகிக் கொஞ்ச காலம் கழித்து, 1811-ல், அந்தச் சுரங்கக்காரர்கள் ஒரு மாத அறிக்கையை ஆரம்பித்தார்கள். எந்தச் சுரங்கத்தில் எந்த எஞ்சின், எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது, அமைப்பு என்ன, பொறியாளர் யார் என்று எல்லாம் அதில் அச்சாகும். ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற பொறியாளர் 1812-ல் அங்கே நிறுவிய உயரழுத்த எஞ்சினுக்குப் பேட்டன்ட்டே எடுக்கவில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்து, திருத்தி, அதையும் வெளியிட்டு, சில பத்தாண்டுகளில் அந்த ஊர் எஞ்சின்களின் திறன் இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. பொறியாளர்களுக்கு என்ன கிடைத்தது? பெயர். அறிக்கையில் முதல் வரிசையில் வந்தவரை அடுத்த சுரங்கம் வேலைக்குக் கூப்பிட்டது. அண்ணனின் வருமானமும் அப்படித்தான் வருகிறது. டிரம்மை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சீசன் நடுவில் பேரிங் போய்விட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து மாற்றித் தருகிற ஆளுக்குத்தான் ஆர்டர்.

கோவையில் வெட் கிரைண்டரும் இதே வழியில் வளர்ந்ததுதான். ஒருவர் செய்ததை ஒருவர் பார்த்து நூற்றுக்கணக்கான பட்டறைகள் செய்தன. கல் சுருங்கியது, சாய்த்து மாவை ஊற்றும் வசதி வந்தது, சமையலறை மேடை மேல் வைக்கிற அளவுக்கு வந்து நின்றது. கடைசியில் அதற்குக் கிடைத்தது ஊர் முழுவதற்குமான புவிசார் குறியீடு. இப்படி ஒரு சீசனுக்கு ஒரு மாற்றம் என்று ஓடுகிற தொழிலில் 20 வருடம் என்பது ஒரு யுகம். அந்தக் கால அளவே எந்தக் கணக்கில் வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1624-ல் இங்கிலாந்து சட்டம் போட்டபோது 14 வருடம் என்று வைத்தார்கள். ஒரு தொழில் கற்கும் பையனின் பயிற்சிக் காலம் ஏழு வருடம், அப்படி இரண்டு தலைமுறைப் பையன்கள். பின்னால் அது நாட்டுக்கு நாடு கூடிக் குறைந்து, 1995-ல் உலக வர்த்தக அமைப்போடு வந்த டிரிப்ஸ் என்ற அறிவுச் சொத்துரிமை ஒப்பந்தத்தில் 20 என்று நிலைத்தது. கேரட் டிரம்முக்கும் 20, புற்றுநோய் மாத்திரைக்கும் 20.

செய்யப்படாத மெஷின்

இதோடு முடிந்திருந்தால் நான் பேட்டன்ட்டுக்கு எதிராக ஒரு சின்னப் பதிவு எழுதிவிட்டுப் போயிருப்பேன். அண்ணனின் பட்டறை மூலையில் இன்னொன்று கிடந்தது. பவர் டில்லர் எஞ்சின் உட்காரும் அளவுக்கு ஒரு இரும்பு ஃப்ரேம், முன்னால் வளைந்த ஒரு பிளேடு. அதன் மேல் சாக்கும் ரெயின்கோட்டும் காயப் போட்டிருந்தார். என்னவென்று கேட்டேன். கேரட் தோண்டும் மெஷின் என்றார்.

கேரட் தொழிலில் கழுவுவது சின்ன வேலை, பிடுங்குவதுதான் பெரிய வேலை. காலை லாரியைப் பிடிக்க வேண்டுமென்றால் நடுராத்திரி தாண்டியதுமே தலையில் லைட் கட்டிக்கொண்டு கேரட் தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். பனி, காட்டுமாடு, கரடி, இதற்கு நடுவில் குனிந்த முதுகு நிமிராமல் பிடுங்க வேண்டும். ஆளும் முன்னே மாதிரி கிடைப்பதில்லை. ஐரோப்பாவில் சமவெளியில் கேரட்டின் தழையைப் பெல்ட்டில் கவ்வி அப்படியே உருவி எடுக்கும் பெரிய மெஷின்கள் உண்டு. நம் சரிவில், அடுக்கடுக்காக வெட்டிய குறுகலான பாத்தியில், அது ஏறவும் முடியாது, திரும்பவும் முடியாது. அண்ணனின் யோசனை எளிமையானது. பிடுங்க வேண்டாம், பிளேடு வேருக்கு அடியில் அதிர்ந்துகொண்டே போகட்டும், மண் பொலபொலவென்று ஆகிவிட்டால் பின்னால் வருகிறவர் கூட்டி அள்ளுவது மாதிரி எடுத்துவிடலாம். பாதி செய்து நிறுத்திவிட்டார். அதிர்வு அதிகமானால் கேரட் இரண்டாக வெட்டுப்படுகிறது, குறைந்தால் ஈரமண்ணில் பிளேடு சிக்குகிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "இது மூணு சீசன் தோத்தாத்தான் தம்பி சரியாகும். தோக்கிற காசு என்னுது. சரியான அன்னைக்கு எல்லாருக்கும் சரியாயிரும்."

பேட்டன்ட்டின் பொருளாதார நியாயத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எங்கேயும் கேட்டதில்லை. டிரம்மில் தோற்பதற்கு ஆன செலவு ஒரு மரத் துண்டு. தோண்டும் மெஷினில் தோற்பதற்கு எஞ்சின், இரும்பு, வெட்டுப்பட்ட கேரட்டுக்கு நஷ்ட ஈடு, வேறு ஆர்டர் எடுக்காமல் விட்ட மாதங்கள். டிரம்மை எல்லோரும் பார்த்துச் செய்ததில் ஊருக்கு நடுக்குழாய் கிடைத்தது. தோண்டும் மெஷினையும் அப்படிப் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஊருக்கு அந்த மெஷினே கிடைக்கவில்லை. பேட்டன்ட் இருந்தால் வரும் தொந்தரவு கண்ணுக்குத் தெரியும். விலை ஏறும், வழக்கு வரும், நாலு பேர் திட்டுவார்கள். பேட்டன்ட்டோ அதற்கு ஈடான வேறு ஏற்பாடோ இல்லாததால் பிறக்காமல் போனவை எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. ஒரு மூலையில் ரெயின்கோட் காய்ந்துகொண்டிருந்ததால் எனக்கு ஒன்று தெரிந்தது.

கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1962-ல் இதைத்தான் எழுதினார். ஒரு தகவலைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு பெரியது, இன்னொருவருக்குப் போய்ச்சேர ஆகும் செலவு ஒன்றுமில்லாதது, அதனால் சந்தையை அப்படியே விட்டால் கண்டுபிடிப்புக்கு வேண்டிய அளவு பணம் போகாது என்றார். இன்னொரு சிக்கலையும் காட்டினார். யோசனையை விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? அண்ணனுக்கு இந்த அனுபவமும் உண்டு. கீழே சமவெளியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் காரில் வந்து, "வரைபடத்தைக் காட்டுங்க, பிடிச்சிருந்தா விலை பேசிக்கலாம்" என்றாராம். அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கையில் ஒரு தற்காலிக விண்ணப்பம் இருந்திருந்தால் அன்றைக்குத் தைரியமாகக் காட்டியிருக்கலாம். பேட்டன்ட் செய்யும் உருப்படியான வேலைகளில் இது ஒன்று, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

கண்டுபிடிக்க ஆகும் செலவும் நகலெடுக்க ஆகும் செலவும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு மருந்தைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. என் சித்திக்கு ரத்தப் புற்றுநோய். அவர் பல வருடங்களாகச் சாப்பிடுவது இமாடினிப் என்ற மாத்திரை, இந்தியக் கம்பெனி தயாரிப்பு. மூல நிறுவனமான நோவார்டிஸின் கிளிவெக் மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றிருந்த காலத்தில் இந்தியத் தயாரிப்பு பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு 1998-ல் நோவார்டிஸ் விண்ணப்பித்தது நம் சென்னை அலுவலகத்தில்தான். 2006 ஜனவரியில் அங்கே நிராகரித்தார்கள். தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால் அதன் குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும் என்று கேட்கிற 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் 2007-ல் தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் பேட்டன்ட் கிடையாது என்று முடித்தது. சித்தி அந்தத் தீர்ப்பை டிவியில் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார், கொண்டாடியது நான்தான். ஆனாலும் ஒரு முள் உறுத்தும். 1970 சட்டம் மருந்துக்குப் பொருள் பேட்டன்ட் தராமல் செய்முறைக்கு மட்டும் தந்ததால், 2005 வரை நம் கம்பெனிகள் நகலெடுப்பதில் கைதேர்ந்தன, நமக்கு மலிவாக மருந்து கிடைத்தது. அவர்கள் நகலெடுத்த மூலக்கூறை முதலில் தேடிப் பிடிக்க எங்கேயோ யாரோ பணத்தைக் கொட்டினார்கள், பேட்டன்ட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் கொட்டினார்கள். சித்தி பிழைத்திருப்பதற்கு அந்தப் பேட்டன்ட்டும் காரணம், இந்த மறுப்பும் காரணம். இரண்டில் ஒன்றை மட்டும் கும்பிட என்னால் முடியவில்லை.

நடுவட்டம்

ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ்ஸில் போகும்போது நடுவட்டம் வந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சின்கோனா மரங்கள் வளர்த்து, பட்டையிலிருந்து மலேரியாவுக்கு கொய்னா எடுத்த ஊர். கண்டுபிடிப்புக்குப் பணம் எப்படி எப்படியெல்லாம் வரலாம் என்பதற்கு இந்த ஒரு பட்டையின் கதையே போதும். பட்டையிலிருந்து கொய்னாவை முதலில் பிரித்தெடுத்தவர்கள் பெலத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், 1820-ல். பேட்டன்ட் எடுக்காமல் செய்முறையை அச்சிட்டு வெளியிட்டார்கள். 1827-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவர்களுக்குப் 10,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. அதே கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் போய்த் தோற்ற 18 வயது வில்லியம் பெர்கின், 1856-ல் குடுவை அடியில் கிடைத்த ஊதாச் சாயத்துக்குப் பேட்டன்ட் எடுத்துப் பணக்காரரானார். தென்னமெரிக்காவிலிருந்து விதையும் கன்றும் நம் மலைக்கு வந்தது மூன்றாவது வழி: 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரை அனுப்பியது பிரிட்டிஷ் அரசாங்கம், பணமும் அரசாங்கத்துடையது. ஆண்டிஸ் மலை மக்களின் மரத்தை அவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காமல் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் மெக்கைவர் இங்கே ஒரு வழி கண்டார்: மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்துக்கொண்டு அந்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தால் பட்டை மறுபடி வளரும். இன்றைக்கு அவர் இதை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போனால், விவசாய முறைக்குப் பேட்டன்ட் கிடையாது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

டச்சுக்காரர்கள் நம்மை முந்தினார்கள். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரி 1865-ல் விற்ற நல்ல ரக விதையை ஜாவாவில் வளர்த்து, உலகச் சந்தையில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில், 1869-லிருந்து 1912 வரை, ஹாலந்தில் பேட்டன்ட் சட்டமே கிடையாது, ரத்து செய்துவிட்டிருந்தார்கள். அப்படியானால் கொய்னா எல்லோருக்கும் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டுமே? 1913-ல் தோட்டக்காரர்களும் ஆலைக்காரர்களும் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு விலையைக் கட்டிவைத்தார்கள். பேட்டன்ட்டை எடுத்துவிட்டால் ஏகபோகமும் போய்விடும் என்று பேசுகிற நண்பர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. அவர்கள் பதிலுக்கு 1888 வரை பேட்டன்ட் சட்டம் இல்லாமலே தொழிலில் முன்னேறிய சுவிட்சர்லாந்தைச் சொல்வார்கள். அதுவும் உண்மை. பெட்ரா மோசர் என்ற ஆய்வாளர் 1851, 1876 உலகக் கண்காட்சிகளில் வைத்த பொருட்களின் பட்டியலை அலசிப் பார்த்ததில், பேட்டன்ட் இல்லாத நாட்டுக்காரர்களும் கண்டுபிடிக்கவே செய்தார்கள், ஆனால் ரகசியமாக வைத்துக்கொள்ள முடிகிற துறைகளாகப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்தது. கடிகாரம், அளவைக் கருவி, உணவு பதப்படுத்துதல் இப்படி. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது: பேட்டன்ட் கண்டுபிடிப்பின் அளவைக் கூட்டுகிறதோ இல்லையோ, எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பதைத் திருப்பிவிடுகிறது. அண்ணன் தோண்டும் மெஷினை விட்டுவிட்டு டிரம்மோடு நின்றதும் அப்படித்தான்.

1958-ல் அமெரிக்க செனட் குழுவுக்காகப் பேட்டன்ட் முறையை முழுசாக ஆராய்ந்த ஃபிரிட்ஸ் மாக்லப், இப்படி ஒன்று இல்லாமல் இருந்தால் புதிதாகக் கொண்டுவரச் சொல்வது பொறுப்பற்றது, இவ்வளவு காலமாக இருப்பதை ஒழிக்கச் சொல்வதும் பொறுப்பற்றது என்கிற மாதிரி முடித்தார். பொருளியலாளர்கள் நழுவுவதில் கெட்டிக்காரர்கள். நடுவழியாக ஜெர்மனி 1891-லேயே ஒன்றைச் செய்தது: சின்னக் கண்டுபிடிப்புகளுக்குக் குறைந்த காலம், குறைந்த சடங்கு, குறைந்த செலவில் ஒரு குட்டி உரிமை. சீனாவிலும் இருக்கிறது, 10 வருடம். இந்தியாவில் இல்லை, 2011-ல் மத்திய அரசு ஒரு கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிட்டது, சட்டமாகவில்லை. வந்திருந்தால் பட்டறைக்காரர்களுக்கு நல்லது என்று ஒரு காலத்தில் அடித்துப் பேசுவேன். இப்போது பாலாடாவில் ஆளுக்கொரு குட்டி உரிமையோடு நின்றால் நடுக்குழாய் என்ன ஆகும் என்றும் யோசிக்கிறேன். கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களுக்குப் பேட்டன்ட் எடுத்துத் தர நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன் 2000-லிருந்து இருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "ஓடுற மெஷின் இருந்தாத்தானே கேப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பேட்டன்ட்டும் சரி, பிரெஞ்சுக் கழகத்தின் பரிசும் சரி, ஜெயித்த பிறகு வருகிற பணம். ஜெயிக்கும் வரை தோற்பதற்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனியிடம் அது இருக்கிறது. பேட்டன்ட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அது பத்து முறை தோற்கும். பட்டறைக்காரரின் நம்பிக்கையை அடமானமாக எடுத்துக்கொண்டு எந்த வங்கியும் இரும்பு வாங்கப் பணம் தராது. பேட்டன்ட் ஊக்குவிக்கிறதா என்று கேட்கும்போது, யாரை என்று சேர்த்துக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

போன மாதம் எங்கள் விவசாயிகள் குழுக் கூட்டத்தில் இதை எடுத்தேன். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போடுவோம். சரிவில் ஓடுகிற தோண்டும் மெஷினைச் செய்து காட்டுகிறவருக்கு அந்தத் தொகை. வரைபடம் எல்லோருக்கும் பொது என்றேன். நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். மூத்தவர் ஒருவர், "ஓடினா தானப்பா பரிசு? ஓடுற வரைக்கும் அவரு எதை வச்சு எஞ்சின் வாங்குவாரு?" என்றார். அப்படியானால் முன்னாலேயே கொடுத்துவிடலாம் என்றேன். "ஓடலைன்னா?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. வெகுநேரம் பேசி ஒரு இடத்துக்கு வந்தோம்: எஞ்சினும் இரும்பும் குழுவின் செலவு, உழைப்பு அண்ணனுடையது, மெஷின் தோற்றால் எஞ்சினை மருந்தடிக்கும் பம்புக்கு மாற்றிக்கொள்வது, ஜெயித்தால் முதல் இரண்டு வருடம் மற்ற பட்டறைகள் செய்தால் ஒரு மெஷினுக்கு இவ்வளவு என்று அண்ணனுக்குக் கொடுப்பது. அந்த இரண்டு வருடம் போதாது, மூன்று வேண்டும் என்கிறார் அண்ணன். குழுவில் பாதிப் பேர் ஒரு வருடமே அதிகம் என்கிறார்கள். எஞ்சினுக்கு யார் பெயரில் பில் போடுவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை.